நானூறு குதிரைகள்

லியோனிலிருந்து வந்த கதைப்பிரதியில்
முப்பத்தோராம் பக்கம், மூன்றாம் கட்டம்:
'தொலைவில் படை வருகிறது.
நானூறு குதிரைகள் இருக்கும்.'
அவ்வளவுதான்.
எழுதியவர் அடுத்த வரிக்குப் போய்விட்டார்.
நான் அங்கேயே நிற்கிறேன்
பன்னிரண்டு நாட்களாக.

புழுதியைக் கிளப்பி முக்கால்வாசியை மறைத்துவிடலாம்தான்.
இந்தத் தொழிலில் புழுதியும் மூடுபனியும்
சம்பளம் கேட்காத கூலியாட்கள்.
ஆனால் கீழே பொடி எழுத்தில் ஒரு குறிப்பு:
'மழை ஓய்ந்த தரை. புழுதி வேண்டாம்.'

போன வருஷம் பிரஸ்ஸல்ஸில்
வரிசையில் மூன்று மணி நேரம் நின்று
என் கோப்பை நீட்டினேன்.
நாற்பது நொடியில் புரட்டி முடித்த ஆசிரியர்
ஒரு பெண் ஷூ கயிறு கட்டும் பக்கத்தில் மட்டும் நின்றார்.
'நல்ல கை. குதிரை வருமா?'
வரும் என்றேன்.
அதுவரை
ஒரு கழுதையைக்கூட நான் வரைந்ததில்லை.

அப்புறம்தான் ஓடினேன்,
நோவி சாடுக்கு வெளியே ஒரு பந்தய லாயத்துக்கு,
ஞாயிறுதோறும், இரண்டு பஸ் மாறி.
ஒலுயா என்ற பழுப்புப் பெண்குதிரை
முதல் நாளே என் ஸ்வெட்டர் கையைக் கடித்தது.
பின்னங்காலில் முட்டி என்று நான் நினைத்தது
முட்டியே இல்லை, குதிகால்
என்று தெரிய ஒரு மாதம் ஆனது.
அந்த ஒரு மாதமும் என் குதிரைகள்
நாற்காலிபோல் நடந்தன.

பகலில் அச்சகத்தில் வேலை.
கல்யாண அழைப்பிதழ்களுக்குப் புறா வரைகிறேன்.
புறா லேசு,
அதன் காலை யாரும் எண்ணுவதில்லை.
இப்போது அங்கேயும் கோளாறு.
'இந்தப் புறாவுக்கு ஏன் இவ்வளவு தொடை?'
என்று கேட்டுவிட்டாள் ஒரு மணப்பெண்ணின் அம்மா.

பக்கத்துக்கு நூற்றுப் பத்து யூரோ.
கணக்குப் போடாதே, போடாதே என்று சொல்லிக்கொண்டே
போட்டேன்.
மற்றக் கட்டங்களை இனாமாகக் கொடுத்தாலும்
காலுக்கு ஏழு சென்ட் தேறவில்லை.

வீட்டைப் பங்கு போட்டிருக்கும் மிலுங்கா
இரவு ஷிஃப்ட் முடித்து விடிகாலையில் வருவாள்.
நர்ஸ் உடையைக்கூட மாற்றாமல்
சோபாவின் கைப்பிடியில் கால் அகட்டி உட்கார்ந்து
தரை துடைக்கும் கழியை ஈட்டியாகப் பிடிப்பாள்.
'நான் யார், ராஜாவா?'
'இருநூற்றுப் பதினேழாம் சிப்பாய்.'
'குதிரை எங்கே?'
'நீ தூங்கின பிறகு வரும்.
அசையாதே.'
உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவாள்,
ஈட்டி மட்டும் மெல்லச் சாயும்.
சாய்ந்ததை அப்படியே வரைந்தேன்.
நெடும்பயணம் வந்த படை,
ஒருவனாவது தூங்கத்தானே செய்வான்.

பதின்மூன்றாம் நாள் அனுப்பினேன்.
முன்னூற்றுத் தொண்ணூற்றாறு.
நாலு குறைந்தது யாருக்கும் தெரியாது,
எனக்குத் தெரியும்,
இன்னும் உறுத்துகிறது.

ஆசிரியர் அன்றே பதில் போட்டார்:
'பிரமாதம். வசனம் கொஞ்சம் நீண்டுவிட்டது,
பலூனை வலப்பக்கம் வைத்திருக்கிறோம்.'

இலையுதிர் காலத்தில் புத்தகம் வந்தது.
முப்பத்தோராம் பக்கத்தைப் பிரித்தேன்.
வலப்பக்கம் முழுக்க வெள்ளை வெளேரென்று பலூன்.
நூற்றைம்பது குதிரைகளாவது அதன் அடியில்.
கோட்டை வாசலில் நிற்கும் காவலாளி வாயைப் பிளந்து கத்துகிறான்:
'அம்மாடி! எத்தனை குதிரைகள்!
எண்ணி மாளாது, எண்ணி மாளாது!'

சிரித்தேனா என்று கேட்காதீர்கள்.
மிலுங்காதான் சிரித்தாள், ரொட்டி புரையேறும்வரை.
பிறகு முகம் கழுவி வந்து
புத்தகத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்து
தன்னைத் தேடினாள்.
பலூனின் மேல் விரல் வைத்துக் காட்டினேன்.
'இங்கே.
எத்தனை என்ற சொல்லுக்கு நேர் கீழே.'

கொஞ்ச நேரம் அந்த வெள்ளையையே பார்த்தாள்.
'வீட்டுச் செருப்போடா வரைந்தாய்?'

'செருப்போடுதான்.'